ஏழுமலையானுக்கு நான் கார்டியன்

காலை ஒன்பதரை மணிக்கு எங்க வீட்டுக்காரர் கிணற்றடியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நெற்றியில் இருக்கும் விபூதியைத் துடைத்துவிட்டு நாமம் போட்டுக்கொள்வார். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே கிணற்றடியில் நாமத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் விபூதி பூசிக்கொள்வார். புத்தூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் இதைப் பார்ப்பதற்கென்றே நாலு பேர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் இறைக்க வருவார்கள்.

அவர் முருக பக்தர். பரம்பரையாகத் திருத்தணிக்குக் காவடி எடுக்கிற குடும்பம். நாமம் அவருக்கு நேராக வரவே வராது. ஒரு நாள் இடது பக்கம் சாயும், இன்னொரு நாள் மூக்கு வரைக்கும் வழியும். கண்ணாடியை நான்தான் பிடித்துக்கொள்வேன். கோணலாக இருக்கிறது என்று சொன்னால் பதில் பேசமாட்டார். பேசினால் நெற்றி சுருங்கி இன்னும் கோணலாகிவிடும்.

இந்தக் கூத்து ஆபீசுக்காக. மேனேஜர் உத்தரவு. எல்லாம் ஒரு தகர டப்பாவால் வந்த வினை.

எண்ணெய் மில்லும் பி.ஏ. மாப்பிள்ளையும்

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்ற பஞ்சாயத்து மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. சித்தூர்ப் பக்கம் அப்போது பாங்கு ஆரம்பிப்பது இன்றைக்கு டீக்கடை வைப்பதைவிடச் சுலபம். ஒரு கடலை எண்ணெய் மில் வேண்டும், வேலை கிடைக்காத பி.ஏ. மாப்பிள்ளை ஒருவர் வேண்டும், பித்தளைக் கம்பி வைத்த கவுண்ட்டர் ஒன்று வேண்டும். மாமனார் சேர்மன், மாப்பிள்ளை செக்ரட்டரி, பாங்கு ரெடி.

எங்க வீட்டுக்காரர் வேலை பார்த்த பாங்கும் அப்படிப் பிறந்ததுதான். தலைமை ஆபீஸ் சித்தூரில், ஒரே ஒரு கிளை புத்தூர்க் கடைத்தெருவில். பெயரை எழுதமாட்டேன். பிற்காலத்தில் ஒரு பெரிய பாங்கு அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. செத்தவரைப் பற்றி என்ன பேச்சு. புத்தூர் மேனேஜர் சுப்பராமய்யா சேர்மனுக்குச் சொந்தக்காரர் இல்லை. அதனால்தான் புத்தூரில் இருந்தார்.

கட்டடம் இருந்தது, கவுண்ட்டர் இருந்தது, பணம் போட ஆள்தான் இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் காசை அரிசிப் பானையில் வைப்பார்கள், கூரை எரவாணத்தில் செருகுவார்கள், ஆட்டுக்குட்டியாக மாற்றிக் கட்டிவைப்பார்கள். முன்பின் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டு ஒரு சின்ன நோட்டுப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு வருவதற்கு அவர்கள் என்ன பைத்தியமா?

அதனால் பாங்குகள் எல்லாம் வீட்டுக்கு வீடு இலவசமாக உண்டியல் கொடுக்க ஆரம்பித்தன. சித்தூரிலேயே எங்களுக்குப் போட்டியாக இருந்த ஒரு பாங்கு தகர யானை கொடுத்தது. காசு போட்டால் தும்பிக்கையைத் தூக்கும். பார்க்க அழகுதான். மாசக் கடைசியில் திறந்து பார்த்தால் முக்கால்வாசி புளியங்கொட்டை. அதற்கும் தும்பிக்கையைத் தூக்கியிருக்கிறது.

எங்கள் சேர்மன் யானையெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். மில்லுக்கு வாங்கிய புது மிஷின் உடையாமல் வந்து சேர்ந்தால் எதையாவது செய்கிறேன் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம். அந்த வேண்டுதலையும் பாங்கு விளம்பரத்தையும் ஒரே செலவில் முடித்தார். மலை மாதிரி மேலே கூம்பின தகர டப்பா, முகப்பில் பெரிய நாமம், உச்சியில் காசு போடத் துவாரம், அடியில் பூட்டு. வலது பக்கம் தமிழில் பாங்கின் பெயர், இடது பக்கம் தெலுங்கில். ஊர் எந்த ராஜ்ஜியத்துக்குப் போனாலும் டப்பா வீணாகாது என்று கணக்கு.

பாங்கு டப்பாவுக்கு நாமமா என்று தமிழ்க்காரர்கள் சிரித்தார்கள். சேர்மன் தெலுங்குக்காரர். அவருக்கு அதில் என்ன சிரிப்பு என்று கடைசிவரைக்கும் யாரும் சொல்லவில்லை.

சாவி இவரிடம்

டப்பாவை வீட்டில் வைத்து மிச்சம் மீதியைப் போட்டுவரவேண்டும். மாதம் ஒரு முறை பாங்கு குமாஸ்தா சைக்கிளில் வந்து, வீட்டார் முன்னாலேயே திறந்து எண்ணி, பாஸ்புக்கில் எழுதிவிட்டுப் பணத்தைக் கொண்டுபோவார். சாவி பாங்கில்தான் இருக்கும். அந்தக் குமாஸ்தா எங்க வீட்டுக்காரர். ஒரு வருஷம் தற்காலிகம். டப்பாப் பணம் ஒழுங்காக வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

வீடு என்றால் எது? நகரியில் என் மச்சாண்டார் வீடு. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறை. கல்யாணமாகி மூன்று வருஷம் அதில்தான் இருந்தோம். எனக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் என் ஓரகத்தி, மாடு சினைப்பட்டாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் காட்டுவாள். போன வாரம் இதே பத்தியில் அந்த வீட்டைப் பற்றி எழுதியதற்கு அவளுடைய மகள் போன் போட்டுச் சண்டைக்கு வந்தாள். நடந்ததைத்தான் எழுதினேன், இப்போதும் எழுதுகிறேன்.

ஆக, அந்த வேலை நிலைத்தால்தான் எனக்குப் புத்தூர். போனால் மாட்டுக்கொட்டகை. அவ்வளவுதான் என் நிலைமை.

முதல் மாதம் இவர் சாவிக்கொத்தோடு கிளம்பினார். நாலு ஊர் சுற்றிவிட்டு ஒரு காசு இல்லாமல் திரும்பி வந்தார். டப்பாக்கள் கனமாக இருந்தனவாம். திறக்கத்தான் யாரும் விடவில்லை.

நாமம் போட்ட பெட்டியை அலமாரியிலா வைப்பார்கள்? சாமி மாடத்தில் வைத்துவிட்டார்கள். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, துவாரத்தைச் சுற்றிப் பூ வைத்து, வேண்டிக்கொண்டு காசு போட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் ஏழுமலையானுக்கு முடிந்து வைத்த காசை வீட்டில் பட்டினி கிடந்தாலும் தொடமாட்டார்கள். அந்தக் காசை எண்ணி எடுத்துக்கொண்டு போக இவர் கால்சட்டைப் பையில் சாவியோடு போய் நின்றிருக்கிறார், அதுவும் நெற்றி நிறைய விபூதியோடு.

மேனேஜருக்கு விஷயம் புரிந்தது. வைத்தியம்தான் தப்பாகப் போனது. விபூதிதான் இடைஞ்சல் என்று முடிவுகட்டி, டூட்டி நேரத்தில் நாமம் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

மறுமாதம் நாமத்தோடு போனார். நாமம் போட்ட நீங்களே சாமி துட்டைத் தொடலாமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஒரே டப்பாவில் இரண்டு வேண்டுதல்

மூன்றாம் மாதம் நானே போனேன். ஆம்பளையை மாடத்துக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள், பெண்பிள்ளையை விடுவார்கள் அல்லவா? எட்டாவது படித்தவள். தமிழும் தெலுங்கும் படிப்பேன். இவருடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய், ஊர் எல்லையில் இறங்கி நடந்தேன்.

முதலில் போனது கன்னியம்மா வீட்டுக்கு. நாலு ஊருக்கும் அவள் சொன்னால் சொன்னதுதான். நாற்பது வயசிருக்கும். பிறந்த வீடு ஏர்பேடு, சந்தேகமில்லாமல் ஆந்திராப் பக்கம். புருஷன் எத்திராஜு, ஐந்து ஏக்கர் கடலைக்காரர்.

டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குழந்தையைத் தூக்கின மாதிரி கனத்தது. இவ்வளவு வேண்டுதலா என்று கேட்டேன். விஷயம் வெளியே வந்தது. தங்கள் ஊர் மெட்ராஸோடு சேரவேண்டும் என்று தினமும் காலையில் எத்திராஜு ஒரு காசு போடுகிறார். அவர் வயலுக்குப் போனதும், ஊர் ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்று கன்னியம்மா ஒரு காசு போடுகிறாள். அதே டப்பாவில்.

"மெட்ராசுக்குப் போச்சின்னா என் அம்மா வூடு வேற ராஜ்ஜியமாயிடும். சீர் எட்டுக்கினு வர்றதுக்கு என் தம்பி பர்மிட்டா வாங்கிக்கினு வருவான்?" என்றாள் கன்னியம்மா.

சாமி யாருடைய காசைக் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று கேட்டேன். அது அவர் பாடு என்றாள். நாலு ஊரிலும் பாதி வீட்டில் இதே கதை. டப்பாவின் எந்தப் பக்கம் தெருவைப் பார்த்து இருக்கிறது என்பதை வைத்து, அன்றைக்கு வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். சாயங்காலத்துக்குள் திரும்பியிருக்கும்.

காசு அவர்களுடையது இல்லை, ஏழுமலையானுடையது. அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. காசு சாமியுடையது என்றால், பாஸ்புக்கும் சாமி பேரில் இருந்துவிட்டுப் போகட்டுமே.

கன்னியம்மா சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. சாமிக்குப் பாங்கு எதற்கு என்றாள். கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கின கடனுக்கு அவர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டுதானே இருக்கிறார், பாங்கில் போட்டால் அவருக்கும் நாலு காசு வட்டி வருமே என்றேன்.

அவள் டப்பாவின் நாமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "பாவம், எத்தினி காலமாக் கட்டிக்கினு கீறாரு" என்றாள். கண் கலங்கிவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் நாலு ஊரும் சம்மதம்.

பிறந்த தேதி: புரட்டாசி, திருவோணம்

மேனேஜர் சுப்பராமய்யா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கணக்கு ஆரம்பிக்கப் பாரம் பூர்த்தி செய்யவேண்டும், கையெழுத்து வேண்டும், சாமி எங்கே வந்து கையெழுத்துப் போடுவார்? சித்தூரில் வக்கீலாக இருந்த தம் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். வக்கீல் எழுதி அனுப்பின பதிலை மேனேஜர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். சட்டப்படி சாமி எப்போதும் மைனர். சொத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு கார்டியன் வேண்டும்.

உலகத்தையே காப்பாற்றுகிறவர் மைனர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாரத்தில் மைனரின் கார்டியனாக மூன்று பேருக்குத்தான் இடம். தகப்பனார், தாயார், கோர்ட்டு நியமித்தவர். கோர்ட்டுக்குப் போனால் மூன்று வருஷம். இவர் தகப்பனார் ஆகலாமென்றால் பாங்கு சிப்பந்தி, ரூல் இடம் கொடுக்காது. ஊர்க்காரர்களில் யாரைப் போட்டாலும் மற்ற மூன்று ஊரும் அடிக்க வரும். மேனேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அம்மா, ஒண்ணும் அனுகோவத்து. ரூல் அப்படி" என்று சொல்லிவிட்டு, உறவு என்ற இடத்தில் தாயார் என்று எழுதினார்.

அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் எப்படி நினைக்காமல் இருப்பது? அந்த வார்த்தையை என் பேருக்குப் பக்கத்தில் யாரும் அதுவரை எழுதினதில்லை.

மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. விலாசம், ஏழு மலை, சந்திரகிரி தாலுகா, சித்தூர் ஜில்லா. பிறந்த தேதி, புரட்டாசி திருவோணம். வருஷம் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகிறாரா என்ற இடத்தில் மேனேஜர் ரொம்ப யோசித்து ஒரு கோடு போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாக்கள் மேளத்தோடு வந்தன. மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் தலைக்குக் குளித்து ஈரத் துணியோடு ஒவ்வொன்றாகத் திறந்தேன். அணாவும் புதுப் பைசாவும் கலந்து, எல்லாம் மஞ்சள். அதைச் சித்தூருக்கு அனுப்பினால், மற்றக் காசெல்லாம் மஞ்சளாகிறது என்று தலைமை ஆபீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் மாதாமாதம் வந்த சாமி காசெல்லாம் புத்தூர்ப் பெட்டகத்திலேயே மூட்டை மூட்டையாகத் தங்கிவிட்டது.

நாமம் போடும் வேலை இவருக்கு அன்றோடு ஒழிந்தது. தண்ணீர் இறைக்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள்.

எனக்குத்தான் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. மாதம் ஒரு முறை வட்டி போட்டாகிவிட்டதா என்று மேனேஜரைப் போய்க் கேட்பேன். காலணா குறைந்தாலும் சண்டை போடுவேன். கடைத்தெருவில் பெண்கள் என்னைப் பார்த்துப் பிள்ளை எப்படியிருக்கிறான் என்று கேட்பார்கள். நன்றாயிருக்கிறான் என்பேன். விளையாட்டுத்தான். ஆனாலும் அப்படிச் சொல்லப் பிடித்திருந்தது.

பேப்பரில் வந்த எல்லை

ஒரு நாள் எல்லை முடிவாகிவிட்டது என்று பேப்பரில் வந்தது. நீளமாக ஊர்ப் பெயர்கள். எங்கள் நாலு ஊரும் எந்தப் பக்கம் என்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை. தமிழ்ப் பேப்பர் படித்தவர்கள் ஒன்று சொன்னார்கள், தெலுங்குப் பேப்பர் படித்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். சித்தூர்ப் பாங்கு இனிமேல் மெட்ராஸ்காரனுக்குப் பணம் தராது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பத்து மணிக்குள் பாங்கு வாசலில் சந்தைக் கூட்டம். சாமியே கணக்கு வைத்திருக்கிற பாங்கு என்று நம்பிப் பணம் போட்டிருந்தவர்கள் எல்லாம், பணத்தைக் கொடு என்று கையில் பாஸ்புக்கோடு நின்றார்கள்.

கூட்டத்துக்கு நடுவில் கன்னியம்மாவும் எத்திராஜுவும். அவர்கள் பயந்துகொண்டு வரவில்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்று வந்தார்கள். இரண்டு பேருக்குமே பலித்துவிட்டதாம். அவர் மெட்ராஸ் கிடைத்துவிட்டது என்கிறார், இவள் ஆந்திரா கிடைத்துவிட்டது என்கிறாள். ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். பலித்த வேண்டுதலை அந்த வாரமே மலைமேல் உண்டியலில் செலுத்தியாகவேண்டும். நாலு ஊரும் கிளம்பத் தயார். கார்டியன் கையெழுத்துப் போட்டால் போதும்.

என்னை வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது சித்தூரிலிருந்து சேர்மன் காரில் வந்து உள்அறையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. கொண்டுவந்த பணம் மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது என்றார். கிளையில் பெரிய கணக்கு சாமி கணக்குதான். அந்த மஞ்சள் மூட்டைகள் பெட்டகத்தில் இருந்தால் வாசலில் நிற்கிறவர்களுக்குக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். அவை மலைக்குப் போய்விட்டால் பாங்கை இழுத்து மூடவேண்டியதுதான்.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்க வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தர உத்தரவு. டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, தேதி மட்டும் காலி.

நான் எதையும் மறுக்கவேண்டியதில்லையாம். உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் போதுமாம். கார்டியன் ஊரில் இல்லை, அவ்வளவுதான். கார் வாசலில் நிற்கிறது, கொண்டுபோய் விட்டுவிடும். வாழ்க்கையில் அதுவரைக்கும் நான் காரில் ஏறினதில்லை.

எனக்கு மாட்டுக்கொட்டகை வாசனை மூக்கில் வந்து நின்றது. ஓரகத்தியின் சிரிப்பு காதில் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், காரில் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாமி ஒரு வாரம் பொறுக்கமாட்டாரா? வருஷக்கணக்காகக் கடன் வைத்திருப்பவர்தானே.

இவரைப் பார்த்தேன். ஓரமாக நின்று சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் அபிப்பிராயம் சொல்லாத மனுஷர். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"உன் பிள்ளை துட்டு. நீ இன்னா சொல்றியோ அதான்."

நான் வெளியே வந்து கவுண்ட்டரில் கையெழுத்துப் போட்டேன்.

கணக்கு மூடும் காரணம்

மஞ்சள் மூட்டைகள் வெளியே வந்தன. எல்லார் கண்முன்னாலும் எண்ணித்தான் கொடுக்கவேண்டும் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தார். காலணா, அரையணா, புதுப் பைசா என்று தரைமேல் கொட்டி எண்ண ஆரம்பித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, எண்ணி முடியவில்லை. சாமிக்கே இவ்வளவு கணக்காகக் கொடுக்கிற பாங்கு நம் பணத்தையா முழுங்கப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். பசி வேறு. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் பாதிப்பேர் வரவில்லை. பாங்கு பிழைத்துக்கொண்டது.

சேர்மனுக்கு அதெல்லாம் அன்றைக்குத் தெரியாதே. உத்தரவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்துத் தபாலில் அனுப்பினார். சம்பளத்தில் ஐந்து ரூபாய் குறைத்திருந்தார். குடும்பத்தைக் கட்டுக்குள் வைக்கவில்லை என்பது காரணம். இவர் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்தார்.

நான் சொல்லவந்தது அந்தச் சாயங்காலத்தை. எண்ணி முடித்ததும் மேனேஜர் பெரிய லெட்ஜரைப் பிரித்தார். கணக்கை மூடினால் காரணம் எழுதவேண்டும். மைனர் கணக்கை மூட ரூல்புக்கில் இரண்டே காரணம்தான். ஒன்று மைனர் காலமாகிவிட்டார். மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போனார். பேனாவை மையில் தொட்டு, நிதானமாக எழுதி, நான் படிப்பதற்காக லெட்ஜரைத் திருப்பி வைத்தார்.

மைனர் மேஜராகிவிட்டார்.

அதற்குக் கீழே தாயார் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடவேண்டும். பாங்கில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடும்போது என் பேர் பாதியில் அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அத்தனை பேர் முன்னால், கவுண்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆம்பளைகள் மூட்டைகளைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் சின்ன மூட்டையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"நீ எட்டுக்கினு வா. நாங்க போட்டதோட சரி. பாத்துக்கினவ நீதான" என்றாள்.

வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவர் இரண்டு தடவை கேட்டார், நான் கொடுக்கவில்லை.